சோப் ஓபராவுக்கு தமிழ்ல என்ன சொல்றது?

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல எங்க அத்தை இருக்காங்க. நைட் ஷிப்ட்ல எனக்கு டீ பிரேக் விடுறப்ப இங்க நடுராத்திரி, அவங்களுக்கு சாயங்காலம் ஏழரை, அந்த நேரம் பாத்து போன் போட்டா "சோப் போட்டுட்டான்டா, எட்டு மணிக்கு மேல கூப்பிடு"ன்னு வெச்சிருவாங்க. மொத தடவை நான் ஏதோ வாஷிங் மிஷின்ல துணி போட்டிருக்காங்க போலன்னு நெனச்சுட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க சொன்னது ஈஸ்ட்எண்டர்ஸ், பிபிசில 1985 பிப்ரவரி 19ல ஆரம்பிச்சு இன்னும் முடியாம ஓடிட்டிருக்குற சீரியல்.

பிரிட்டன்காரங்க சுருக்கமா சோப்ங்குறாங்க, முழுப்பேரு சோப் ஓபரா. நம்ம காதுக்கு சோப்பு போடுறதுன்னா ஒண்ணு குளிக்கிறது, இல்லன்னா மேனேஜரை காக்கா பிடிக்கிறது, இதுல நாடகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோணும்ல. அதுக்கு 1930கள் அமெரிக்காவுக்குப் போகணும். அப்ப டிவி வீட்டுக்கு வரல, ரேடியோதான். பகல் நேரத்துல வீட்டுல இருக்குற பொம்பளைங்க வேலை பாத்துக்கிட்டே கேக்குற மாதிரி தினமும் 15 நிமிஷம் ஒரு குடும்பக் கதை ஓடும். சிகாகோல டபிள்யூஜிஎன் ஸ்டேஷன்ல 1930ல இர்னா பிலிப்ஸ்ங்குற அம்மா எழுதி அவங்களே நடிச்சும் கொடுத்த பெயிண்டட் ட்ரீம்ஸ்தான் இந்த வகைக்கு முன்னோடின்னு சொல்வாங்க. இந்தக் கதைங்களுக்கு காசு போட்டது யாருன்னா ப்ராக்டர் அண்ட் கேம்பிள், கோல்கேட், லீவர் மாதிரி சோப்புக் கம்பெனிங்க. 1933ல வந்த மா பெர்கின்ஸ் நாடகத்தை ஆக்சிடால்ங்குற சோப்புத்தூள் பேரோட சேத்துத்தான் சொல்வாங்க, அந்த அளவுக்கு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. நடுவுல விளம்பரம் கொடுத்தோமா போனோமான்னு கம்பெனி நிக்கல, நாடகத்தையே அவங்கதான் தயாரிச்சாங்க. துவைக்கிறவங்க யாரோ அவங்க காதுக்கு நேரா சோப்பு விக்கணும், அதுக்கு ஒரு கதை வேணும், கணக்கு அவ்ளோதான்.

சரி, ஓபரா? அது லத்தீன்ல வேலைன்னு அர்த்தமுள்ள சொல்லுலேர்ந்து இத்தாலி வழியா வந்தது, பெரிய அரங்கத்துல கோட்டு சூட்டு போட்டுட்டுப் போய் பாக்குற பாட்டு நாடகம். குதிரையும் துப்பாக்கியுமா வந்த கௌபாய் படங்களை அமெரிக்காவுல ஏற்கனவே குதிரை ஓபரான்னு கிண்டல் பண்ணிட்டிருந்தாங்க, 1930களோட கடைசியில அதே நக்கல்ல இதுக்கு சோப் ஓபரான்னு பேர் வெச்சுட்டாங்க. அதாவது ரொம்ப ஒசந்த ஒரு சொல்லையும் ரொம்ப சாதாரணமான ஒரு சொல்லையும் ஒட்டவெச்சு அடிச்ச நக்கல் அது. இதை இங்க குறிச்சு வெச்சுக்கோங்க, தமிழ்ல மாத்தும்போது தேவைப்படும்.

இந்தப் பேரு கடல் தாண்டி பிரிட்டனுக்கு வந்ததுதான் வேடிக்கை, ஏன்னா பிபிசில விளம்பரமே கிடையாது, மக்கள் கட்டுற லைசென்ஸ் பணத்துல ஓடுற சேனல். அவங்க 1951 ஜனவரி 1ல நாடு பூரா கேக்குற மாதிரி ரேடியோல ஆரம்பிச்ச தி ஆர்ச்சர்ஸ் நாடகம் போருக்கு அப்புறம் விவசாயிகளுக்கு நல்ல சாகுபடி முறை சொல்லிக் கொடுக்க வந்தது, விவசாய அமைச்சகத்தோட யோசனையும் அதுல உண்டு. சோப்பு இருந்த இடத்துல உரமும் மாடும்! அதையும் சோப்னுதான் கூப்பிடுறாங்க. விளம்பரம் வாங்குற ஐடிவி 1955 செப்டம்பர் 22ல ஒளிபரப்பைத் தொடங்குன அதே ராத்திரி, ஆர்ச்சர்ஸ்ல கிரேஸ்ங்குற புதுப் பொண்ணை லாயத் தீயில சாகடிச்சு ஊரையே அழ வெச்சாங்க, எதிர்க்கடை திறப்பு விழா அன்னிக்கு நம்ம கடையில இலவசம்ங்குற மாதிரி.

அந்த ஐடிவில, வடக்கு இங்கிலாந்துக்கான கிரனாடா கம்பெனி 1960 டிசம்பர் 9ல விட்டதுதான் கொரோனேஷன் ஸ்ட்ரீட். டோனி வாரன்னு இருபத்தி சொச்சம் வயசுப் பையன் எழுதுனது, 13 எபிசோடுக்குத்தான் முதல்ல ஓகே சொன்னாங்க, 2020 பிப்ரவரில பத்தாயிரமாவது எபிசோடு போட்டாங்க. இதுக்கு முதல்ல வெச்ச பேரு ஃப்ளோரிசல் ஸ்ட்ரீட். டீ கொண்டு வந்த அம்மா அதைக் கேட்டுட்டு ஏதோ பினாயில் பேரு மாதிரி இருக்குன்னு சொன்னதால மாத்திட்டாங்கன்னு இன்னிக்கும் ஒரு கதை சொல்றாங்க. சோப் ஓபராவுக்கு கிருமிநாசினி வாசம் அடிக்கக்கூடாதுன்னு பேர் மாத்துனது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

முதல் எபிசோடுல ஒரு சாப்பாட்டு மேசை சீன் வரும். கென் பார்லோ காலேஜ் படிக்கிற பையன், அப்பா தபால் துறையில வேலை, அம்மா ஒரு ஹோட்டல்ல வேலை பாக்குறாங்க. அம்மா வழக்கம்போல சாஸ் பாட்டிலை நீட்டுறாங்க, அப்பா தட்டுல ஊத்திக்கிறாரு, பையன் வேணாம்னுட்டு மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுக்கிறான், அப்பா அதைக் கவனிச்சுட்டு வெடிக்கிறாரு. அவ்ளோதான் சண்டை. கொலை கிடையாது, ஜமுக்காளம் விரிச்சு பஞ்சாயத்து கிடையாது, ஒரு சாஸ் பாட்டில். படிச்ச பையனுக்கு வீட்டு மேசையே கூச்சமாகிப் போறதை அந்த பாட்டிலை வெச்சே சொல்லிட்டாங்க. அந்த கென் வேஷத்துல வில்லியம் ரோச்னு ஒருத்தர், 28 வயசுல உள்ள வந்தவர், 90 தாண்டியும் அதே கென்னா நடிச்சிட்டிருந்தாரு, கின்னஸ்ல பேர் இருக்கு.

மீடியா ஸ்டடீஸ் படிக்கிறவங்க இந்த சீரியல்மேல கை வெச்சது இதனாலதான். 1981ல பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் கொரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்குன்னே ஒரு ஆய்வு நூல் போட்டுச்சு, அதுல கிறிஸ்டின் ஜெராட்டி இந்த வகையோட இலக்கணம் என்னன்னு பாக்குறாங்க. அவங்க சொல்றதை என் பாஷையில சொல்லணும்னா, டிவியை அணைச்ச பிறகும் அந்தத் தெருக்காரங்க வாழ்ந்துட்டுத்தான் இருக்காங்கன்னு நமக்கு ஒரு நினைப்பு ஓடும், திங்கள்கிழமை விட்ட ஆளு புதன்கிழமை வர்றப்ப ரெண்டு நாள் வயசு கூடியிருக்கும். நமக்கு கிறிஸ்துமஸ்னா அவங்களுக்கும் கிறிஸ்துமஸ். நம்ம சீரியல்ல "ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு"ன்னு ஒரு கார்டு போட்டு கைக்குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பிருவாங்க பாருங்க, அந்த வசதி அங்க இல்ல, அஞ்சு வருஷம் ஆகணும்னா அஞ்சு வருஷம்தான்.

அதே சமயத்துல டோரதி ஹாப்சன்னு ஒரு ஆய்வாளர், விமர்சகருங்க காறித் துப்பிட்டிருந்த கிராஸ்ரோட்ஸ்ங்குற சீரியலை எடுத்துக்கிட்டு, பாக்குறவங்க வீட்டுக்கே போய் அவங்ககூட உக்காந்து பாத்தாங்க. அடுப்படியில வேலை, பிள்ளைங்களுக்கு சாப்பாடு, நடுவுல பாதி கண்ணும் பாதி காதுமா சீரியல். அந்த வீடுகள்ல அவங்க கண்டது முட்டாள்தனமா வாயைப் பொளந்து பாக்குற கூட்டம் இல்ல, தன்னோட கஷ்டத்தை கதையோட ஒட்டிப் பாத்து, இது நடக்கும் இது நடக்காதுன்னு எடைபோடுற ஆளுங்க. நம்மூர்லயும் பாட்டி சீரியலைத் திட்டிக்கிட்டேதான் பாக்கும், யாரு அதை எழுதி வெச்சாங்க?

இப்ப தமிழுக்கு வருவோம். சோப்புக்கு வழலைன்னு தனித்தமிழ்ச் சொல் இருக்கு, இலங்கைல சவர்க்காரம், நம்ம பக்கம் பழைய ஆளுங்க சவுக்காரம்னு சொல்வாங்க. அதுக்காக வழலை நாடகம், சவர்க்கார இசைநாடகம்னு எல்லாம் போட்டா படிக்கிறவனுக்கு லாண்டரிக் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். (லாண்டரின்னதும் ஞாபகம் வருது, ஈஸ்ட்எண்டர்ஸ்ல டாட் காட்டன்ங்குற கதாபாத்திரம் வேலை பாத்த இடமே லாண்டரிக் கடைதான், இத்தனை வருஷத்துல சோப்புல சோப்பைப் பாத்தது அங்கதான்.) சோப்ங்குறது காசு போட்டவன் பேரு, கதையோட குணம் இல்ல, அதை மொழிபெயர்க்கவே வேண்டாம்ங்குறது என் கட்சி.

நக்கலை மட்டும் தமிழ்ல கொண்டு வரணும்னா நம்மகிட்ட அருமையான பொருள் இருக்கு, குழாயடிச் சண்டை. அதோட ஒரு ஒசந்த சொல்லைச் சேத்து குழாயடிக் காவியம்னு சொல்லிப் பாருங்க, 1930கள்ல அந்த அமெரிக்கக்காரன் எந்தச் சிரிப்போட சொன்னானோ அந்தச் சிரிப்பு அப்படியே வருது. ஆனா கட்டுரைல வெச்சா பாக்குற பெண்களையும் சேத்து மட்டம் தட்டுற மாதிரி ஆயிரும், ஹாப்சன் பண்ண வேலைக்கே துரோகம், அதனால அரட்டைல மட்டும்.

வழக்குல இருக்குற மத்த சொல்லுங்க எப்படின்னா, சீரியல்னு எல்லாரும் சொல்றோம், பத்திரிகைல தொலைக்காட்சித் தொடர், நெடுந்தொடர், மெகா தொடர்னு வரும். நீளத்தைச் சொல்லுது, சரிதான், ஆனா நம்ம நெடுந்தொடர் எவ்ளோ நீளமா இருந்தாலும் ஒரு நாள் சுபம் போட்ரும். சன் டிவில 1999ல ஆரம்பிச்ச சித்தி ஊரையே கட்டிப்போட்டுச்சு, 2001ல முடிஞ்சுது. கொரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்கு முடிவுன்னு ஒண்ணு எழுதியே வைக்கல, ஒருத்தர் செத்தா தெரு இருக்கும், கதாநாயகின்னு ஒரே ஆளு கிடையாது, கதையோட சொந்தக்காரரே அந்தத் தெருதான். அதனால பிரிட்டிஷ் வகைக்கு ஓயாத்தொடர்னு சொல்லலாம்னு நான் நெனைக்கிறேன். முடிவிலித் தொடர்னும் யோசிச்சேன், கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்து விட்டுட்டேன். தெருநாடகம்னு மட்டும் போட்ராதீங்க, அது வேற, வீதியில இறங்கி நடிக்கிறது.

பேச்சுல ஏற்கனவே ஒரு சொல் இருக்கு, அதை யாரும் அகராதியில தேடுறதில்ல. எங்க அம்மா சீரியல்னு சொல்லி நான் கேட்டதே இல்ல, "நாடகம் போட்டுட்டானா?"ன்னுதான் கேப்பாங்க. ஈஸ்ட் ஹாம்ல அத்தை பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் அப்படித்தானாம், "நாடகம் தொடங்கிட்டுது, வாங்கோ"ன்னு கூப்பிடுவாங்களாம். ஈஸ்ட்எண்டர்ஸ்ல வர்ற வால்ஃபோர்டு ஒரு கற்பனை ஊரு, அதோட ஈ20ங்குற பின்கோடும் அப்ப கற்பனைதான், 2011ல ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் பூங்காவுக்கு தபால் துறை அதை நிஜமாவே கொடுத்துருச்சு. சீரியல்ல வர்ற வால்ஃபோர்டு ஈஸ்ட் ஸ்டேஷனை ட்யூப் மேப்ல, அதாவது லண்டன் பாதாள ரயில் வரைபடத்துல, ப்ரோம்லி பை போ இருக்குற இடத்துல வெச்சிருக்காங்க, அதே டிஸ்ட்ரிக்ட் லைன்ல அங்கேர்ந்து நாலாவது ஸ்டேஷன் ஈஸ்ட் ஹாம். அத்தையைப் பொறுத்தவரை அது பக்கத்து ஏரியா சமாச்சாரம், ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் எடுத்தாங்கன்னா முதல்ல அதைப் பத்தித்தான் பத்து நிமிஷம் பேசுவாங்க, நான் எப்படி இருக்கேன்னு அப்புறம்தான் கேப்பாங்க.