பழைய சாமானில் ஒரு புரொஜெக்டர்: வெளிச்சம் எங்கே போகிறது?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய பள்ளிக்கூட ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதன் கண்ணாடி மேடைக்கு அடியில் இருக்கும், வளையம் வளையமாக வரியிட்ட தட்டையான ஃபிரெனல் லென்ஸ் கையில் இருந்தால் வீட்டுப் புரொஜெக்டரில் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம் வேண்டியது ஒரு பழைய எல்சிடி திரை, 100 வாட் எல்இடி, ஒரு குவிலென்ஸ்.

எல்சிடியின் பேக்லைட்டை, அதாவது பின்னாலிருக்கும் விளக்குப் பகுதியை, கழற்றினால் மிஞ்சுவது ஒளி ஊடுருவும் தகடு. வயர் அறுபடாத வரை படம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓஎல்இடி திரை இதற்கு உதவாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னாலிருந்து விளக்கடித்துப் பயனில்லை.

படத்தைப் பெரிதாக்குவது சுலபம். குவியத்தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்ஸுக்குப் பின்னால் 22 செ.மீ. தள்ளித் தகட்டை வைத்தால், 220 செ.மீ. தூரச் சுவரில் 10 மடங்கு படம் விழும்: 5 அங்குலம் 50 ஆகும். தகட்டை ஒரே ஒரு செ.மீ. லென்ஸ் பக்கம் நகர்த்தினால் சுவர் 420 செ.மீ.க்குப் போக வேண்டும். படம் 100 அங்குலம், வெளிச்சமோ நாலில் ஒரு பங்கு. பிளாட் வீட்டு ஹாலுக்கு 50 போதும் என்பேன்.

லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் போடும். அதனால் தகட்டையும் தலைகீழாக, அதன் முகம் விளக்கைப் பார்க்கும்படி மாட்டுங்கள். முகம் சுவரைப் பார்த்தால் சப்டைட்டில் இடவலம் மாறிவிடும்.

சிக்கலெல்லாம் வெளிச்சத்தில். விளக்கிலிருந்து விரிந்து வரும் கதிர்களில் தகட்டின் நடுவைக் கடப்பவை மட்டுமே லென்ஸுக்குள் நுழையும். ஓரக் கதிர்கள் வெளியே சிதறிவிட, சுவரில் நடு மட்டும் பளிச்சென்று ஓரம் இருண்டிருக்கும். விளக்குக்கும் தகட்டுக்கும் இடையில் ஃபிரெனலை வைத்தால் ஓரக் கதிர்களும் உள்ளே வளைந்து லென்ஸின் நடுவில் கூடும். அதாவது, விளக்கின் பிம்பம் லென்ஸுக்குள் விழுகிறது, திரையின் பிம்பம் சுவரில் விழுகிறது. லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். எல்இடியின் ஒளிச் சதுரம் அதில் தெரிந்தால் தூரம் சரி. 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் பொருத்தியதும் இதே வகை லென்ஸ்தான்: தடித்த லென்ஸின் மேல்வளைவை மட்டும் வளையம் வளையமாக வைத்துக்கொண்டு உள்சதையை எடுத்துவிடுவது.

இவ்வளவு செய்தும் தகடு ஒளியைத் தின்றுவிடும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாளான போலரைசர் தகட்டின் இருபக்கமும் உண்டு; முதல் போலரைசரிலேயே பாதி போய்விடும். மிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் விடும். புள்ளிகளுக்கு இடையே ஓடும் கம்பித் தடங்கள் இன்னும் கொஞ்சம் மறைக்கும். பத்தில் ஒரு பங்கு தாண்டுவதே அரிது. புள்ளிகள் சிறுத்துப் பெருகப் பெருக மறைப்பும் கூடும் என்பதால், இந்த வேலைக்கு அதிநுண் திரையைவிடச் சுமாரான பழைய திரையே மேல்.

தின்ற ஒளி வெப்பமாகிறது. சூடு ஏறினால் எல்சிடிக்குள் இருக்கும் திரவப்படிகம் ஒழுங்கிழந்து வெறும் திரவமாகி, படத்தில் கறுப்புத் திட்டு தோன்றும். உடனே அணைத்தால் ஆறியதும் மறையும். போலரைசர் கருகினால் மறையாது. பினாங்கில் அறையே 30 டிகிரி. ஃபிரெனலுக்கும் தகட்டுக்கும் இடையே விரல் அளவு இடைவெளி விட்டு விசிறிக்காற்றை அதில் செலுத்துங்கள். அந்த இடைவெளி இருந்தால் ஃபிரெனலின் வளையங்களும் சுவரில் கோடு கோடாகத் தெரியாது.