குழந்தையின் குதிகால் ரத்தம்: அட்டையில் எழுதாமல் விடுவது

உணவை உடல் சிதைத்துப் பயன்படுத்துவதில் பிறவியிலேயே உள்ள கோளாறுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க, குழந்தை பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் குதிகாலின் ஓரத்தில் குத்தி, கெட்டியான வடிதாள் அட்டையிலுள்ள வட்டங்களை ரத்தத்தால் நிரப்புவார்கள். ஆய்வகத்தில் அதிலிருந்து 3.2 மில்லிமீட்டர் பொட்டு ஒன்றை வெட்டி எடுப்போம். அதில் இருப்பது சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். அதை வைத்து டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி சில நிமிடங்களில் அமினோ அமிலங்களையும் (புரதத்தின் துண்டுகள்) அசைல்கார்னிட்டின்களையும் (கொழுப்பும் அமினோ அமிலங்களும் சிதையும்போது உண்டாகும் பொருள்கள்) அளந்துவிடும்.

இதை ஜீன் டெஸ்ட் என்று நினைக்கும் பெற்றோர் அதிகம். இந்தக் கருவி ஜீனைப் பார்ப்பதில்லை, மூலக்கூறுகளை எடை போடுகிறது. மின்னூட்டம் ஏற்றிய பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் 166 என்ற எண்ணில் வரும். வாயுவோடு மோதவிட்டு உடைத்தால் 46 கழிந்து 120-ல் ஒரு துண்டு கிடைக்கும். கூடவே, எடை கூட்டிய ஐசோடோப்பு பினைல்அலனினைத் தெரிந்த அளவில் கலந்திருப்போம். அதோடு ஒப்பிட்டுத்தான் ரத்தத்தில் எவ்வளவு என்று சொல்கிறோம். 1960-களில் ராபர்ட் கத்ரி இதே வடிதாள் பொட்டை பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் வைத்து பினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாத ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற ஒரே நோயைத் தேடினார். இப்போது ஒரு பொட்டில் பல நோய்களைத் தேட முடிகிறது.

ஆனால் எடை பார்க்கும் கருவிக்கு ஒரே எடையுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றாகத்தான் தெரியும். அறிக்கையில் 'சி5 அதிகம்' (ஐந்து கார்பன் உள்ள அசைல்கார்னிட்டின் அதிகம்) என்று வந்தால், லியூசின் என்ற அமினோ அமிலத்தை முழுதாகச் சிதைக்க முடியாத ஐசோவலேரிக் அசிடீமியா நோயைச் சந்தேகிப்போம். பிவாக்சில் வகை ஆன்டிபயாடிக்கை, உதாரணமாக செஃப்டிடோரன் பிவாக்சிலை, தாயோ குழந்தையோ எடுத்திருந்தாலும் அதே இடத்தில்தான் எண் ஏறும். மருந்திலிருந்து உண்டாகும் பிவலோயில்கார்னிட்டினுக்கும் நோயில் சேரும் ஐசோவலேரில்கார்னிட்டினுக்கும் எடை ஒன்றே. முலைக்காம்பு வெடிப்புக்குத் தடவும் சில களிம்புகளாலும் இப்படி ஆனதுண்டு. அட்டையில் மருந்துக்கென்று ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் காலியாகத்தான் வரும். அதில் ஒரு வரி இருந்திருந்தால் ஒரு வீட்டின் பல ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

லியூசின் கதையும் இதுதான். லியூசின், ஐசோலியூசின், அல்லோஐசோலியூசின், ஹைட்ராக்சிபுரோலின் நான்கும் இந்த முறையில் ஒரே எண்ணில் சேர்ந்து வருகின்றன. ஹைட்ராக்சிபுரோலின் கூடினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. மற்றவை கூடினால், லியூசின் போன்ற அமினோ அமிலங்களை உடலால் சிதைக்க முடியாத மேப்பிள் சிரப் யூரின் நோயாக இருக்கலாம். அது சில நாட்களிலேயே மூளையைத் தாக்கும். அதனால் லியூசினுக்காக ஆய்வகம் கூப்பிட்டால் 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள், அன்றே கிளம்புங்கள். பிளாஸ்மா அமினோ அமிலப் பரிசோதனையில் இந்த நான்கையும் பிரித்துப் பார்த்துவிடலாம். எந்த நோயானாலும் முதல் அறிக்கை சந்தேகத்தை மட்டுமே சொல்லும். உறுதிசெய்ய வேறு பரிசோதனை வேண்டும்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்பார்கள். இந்த நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வரவேண்டும். ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் இருப்பதால் இரண்டும் ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். பிறந்து 24 மணி நேரத்துக்கு முன்னால் எடுத்தால் அமினோ அமிலங்கள் போதிய அளவு ஏறியிருக்காமல் போகலாம். ரொம்பத் தள்ளிப்போட்டால், பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கிய குழந்தையிடம் சில கொழுப்புச் சிதைவுக் கோளாறுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். குறைமாதக் குழந்தைக்கு நரம்பு வழியாக அமினோ அமிலத் திரவம் ஏறிக்கொண்டிருந்தால் எண்கள் சகட்டுமேனிக்கு உயர்ந்திருக்கும். அதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். ஒரே வட்டத்தில் மேலும் மேலும் சொட்டு வைக்காதீர்கள். அட்டையை மட்டமாகக் கிடத்தி, வெயில் படாமல் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் உலரவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடவும் வேண்டாம். சூட்டிலும் ஈரப்பதத்திலும் அசைல்கார்னிட்டின்கள் சிதையும். மே மாதம் ஜன்னலோரத்தில் ரெண்டு நாள் கிடந்த அட்டையில் நோயுள்ள குழந்தைகூட நலமாகத் தெரியலாம். தவறான அலாரத்தைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை தானாக நடப்பதில்லை, கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்கும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள். பிறவித் தைராய்டு குறைபாட்டைப் பொதுவாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் தேடுவதில்லை; அதே அட்டையிலிருந்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைத் தனி முறையில் பார்க்கிறார்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்கும் தனிப் பரிசோதனை உண்டு. 'எம்.எஸ். (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) ரிப்போர்ட் நார்மல்' என்று கையில் கொடுத்தால், இந்த இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.