பாதாளகங்கைக்குக் கணினியில் கணக்குப் போடுவது எப்படி?

சித்தூர், நகரிப் பக்கத்தில் இருப்பவர்கள் பெலும் குகைக்குப் போய்வந்தால் பெரும்பாலும் பாதாளகங்கையைப் பற்றித்தான் பேசுவார்கள். நந்தியால் மாவட்டத்தில், தரைக்குக் கீழே சுமார் 150 அடி ஆழத்தில், ஒரு சின்ன ஓடை கண்ணெதிரே ஓடிப் பாறைக்குள் மறைகிறது. இப்படிப்பட்ட ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடலாம். ஆனால் நம் பாலாற்று மணலுக்குப் போடும் கணக்கு அங்கே செல்லாது.

மணல் கணக்குக்கு அடிப்படை, பிரான்சின் ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட விதி. நீர்மட்டத்தின் சரிவு இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்காகும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் மாட்ஃப்ளோ மென்பொருள் நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்த விதியைப் போட்டுப் பார்க்கிறது.

பெலும் குகை அமைந்திருக்கும் சுண்ணாம்புக்கல் வேறு ரகம். மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. விரிசல் வழியே போகும்போது கல்லைக் கரைக்கிறது. விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால், அதே சரிவில் எட்டு மடங்கு நீர் ஓடும். நீர் கூடினால் கரைவதும் கூடும். இப்படியே ஒருசில விரிசல்கள் மட்டும் மற்றவற்றை முந்திக் குகையாகிவிடுகின்றன. பக்கத்துப் பாறைக்குள் ஆண்டுக்குச் சில மீட்டர் நகரும் தண்ணீர், குகைப்பாதையில் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். அந்த வேகத்தில் நீர் சுழன்று புரளுவதால் டார்சி விதி பொருந்தாது. அதனால் பாறைக்குக் கட்டங்கள், குகைக்குக் குழாய்கள் என்று இரண்டையும் இணைக்கிறார்கள். நகரத்து மழைநீர் வடிகாலுக்காக எழுதிய மென்பொருளையே குகைக்குப் பயன்படுத்துவதும் உண்டு.

சரி, குழாய் எங்கே போகிறது என்று கணினிக்கு யார் சொல்வது? அதற்குத்தான் சாயம். நீர் இறங்கும் குழியில் ஃப்ளோரசீன் சாயத்தைக் கலந்துவிட்டு, சுற்றியுள்ள ஊற்றுகளிலும் கிணறுகளிலும் அது எப்போது, எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பார்கள். இதைச் செய்யாமல் போட்ட கணக்கைக் குடிநீர் விஷயத்தில் நம்பவே கூடாது. கனடாவின் வாக்கர்ட்டனில் 2000 மே மாதம் குடிநீர்க் கிணற்றில் மாட்டுச்சாணக் கிருமி கலந்து 7 பேர் இறந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அதன்பின் அந்தக் கிணறு இருந்த சுண்ணாம்புப் பாறையை மணல்போலவே கருதி ஒரு கணக்குப் போட்டார்கள். சாயம் விட்டுப் பார்த்தபோது, தண்ணீர் அந்தக் கணக்கைவிடப் பல மடங்கு வேகமாகக் கிணற்றுக்கு வந்தது.

அந்த உண்மையான வேகம் கையில் இருந்தால்தான், குகைப் பகுதியில் ஒரு கிணற்றைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குக் கழிவுக்குழியும் குப்பைமேடும் வரக்கூடாது என்று கோடு போட முடியும்.