ஆறு மில்லிக் கணக்கும் ஓர் அளவுநாடாவும்

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று கொடுக்க வேண்டும் என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவரைக் கேட்டால், "கிலோவுக்கு ஆறு மில்லி" என்று தயங்காமல் சொல்வார். அவர் பொறுப்பில் இருக்கும் கருவியின் திரையிலோ எட்டு, ஒன்பது, சில நேரம் பத்து மில்லிகூட ஓடிக்கொண்டிருக்கும். தெரிந்த விடை ஏன் படுக்கையருகே வந்து சேரவில்லை? மருத்துவக் கல்வியையும் தீவிர சிகிச்சையையும் சேர்த்து ஆராய்பவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவிவரும் கேள்வி இது. விடையின் பெரும்பகுதி மிகச் சின்ன கைவேலைகளில் ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நிமோனியா, ரத்தத்தொற்று போன்றவற்றால் நுரையீரல் முழுக்க அழற்சி பரவி, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்கு ஏஆர்டிஎஸ் என்று பெயர். சிடி ஸ்கேனில் பார்த்தால் முதுகுப்பக்கம் முழுவதும் வெள்ளையாக அடைத்திருக்கும்; முன்பக்கத்தில் கொஞ்சம்தான் காற்று புகும் இடம். வளர்ந்தவர் உடம்புக்குள் குழந்தையின் அளவே நுரையீரல் வேலை செய்கிறது என்று இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி விளக்கினார். முழு நுரையீரலுக்கான காற்றை அந்தச் சிறு பகுதிக்குள் தள்ளினால், நல்ல காற்றறைகள் அளவுக்கு மீறி விரிந்து கிழியும்; அங்கிருந்து கிளம்பும் அழற்சி ரத்தம் வழியாகச் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும்.

கெடுப்பது அழுத்தமா, விரிவா என்ற சந்தேகத்தை 1988இல் பிரெஞ்சு ஆய்வாளர் டிடியே டிரேஃபஸ் குழு எலிகளை வைத்துத் தீர்த்தது. மார்பைச் சுற்றிக் கட்டிவிட்டு அதிக அழுத்தம் கொடுத்தபோது நுரையீரலில் நீர் கோக்கவில்லை. கட்டு இல்லாமல் விரியவிட்டபோது கோத்தது. ஆக, விரிவுதான் குற்றவாளி.

2000இல் வெளியான, அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 861 ஏஆர்டிஎஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மில்லியும் மற்றதற்கு 6 மில்லியும் கொடுத்தது. இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. ஏறக்குறைய 11 பேருக்கு இப்படிக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும். புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை, ஒரு எண்ணைக் குறைத்ததுதான்.

14 ஆண்டுகள் கழித்து, 2014இல், 50 நாடுகளின் 459 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நான்கு வாரம் கணக்கெடுத்தார்கள். லங் சேஃப் என்ற அந்த ஆய்வில், ஏஆர்டிஎஸ் இருந்தவர்களில் 60 சதவீதத்தினருக்குத்தான் அது ஏஆர்டிஎஸ் என்று மருத்துவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். எட்டு மில்லி அல்லது அதற்குக் கீழே பெற்றவர்கள் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. நுரையீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று காட்டும் பிளாட்டோ அழுத்தம் 40 சதவீதம் பேருக்கு மட்டுமே பதிவாகியிருந்தது. குள்ளமான பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பது பின்னர் அதே தரவை அலசியபோது தெரிந்தது.

ஏன் குள்ளமான பெண்கள்? "கிலோவுக்கு ஆறு" என்பதில் வரும் கிலோ, நோயாளியின் எடை அல்ல. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதன் அளவு உயரத்தையும் பாலினத்தையும் பொறுத்தது. எனவே உயரத்தை வைத்து ஒரு கணிப்பு எடை போடுகிறோம். செ.மீ.இல் உள்ள உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, ஆணென்றால் 50, பெண்ணென்றால் 45.5 கூட்ட வேண்டும்.

155 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணிப்பு எடை 47.9 கிலோ. ஆறால் பெருக்கினால் 287 மில்லி. அவசரத்தில் எடைத்தாளில் இருக்கும் 80ஐ எடுத்து ஆறால் பெருக்கினால் 480 மில்லி. வைத்தவர் ஆறு கொடுத்ததாகவே நினைப்பார். நுரையீரலுக்குப் போவது கிலோவுக்குப் பத்து. எந்த வகுப்பிலும் தேர்வு வைத்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் தேர்வில் அவர் சரியாகவே எழுதுவார்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் இதேபோல் ஆபத்து. படுத்திருப்பவர் நெட்டையாகத் தெரிவார். ஒவ்வொரு செ.மீ. பிழையும் மூச்சுக்கு ஐந்தரை மில்லி. அதே பெண்ணை 165 என்று மதிப்பிட்டால் 342 மில்லி வைப்போம். அளவுநாடா வேண்டும் என்பது இதனால்தான். அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. வென்டிலேட்டர் நோயாளியின் தலைப்பக்கம் பொதுவாக 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கும். குழாய் உணவை நிறுத்திவிட்டுப் படுக்கையைச் சமமாக்கி, முழங்காலை நீட்டி, ஒருவர் குதிகாலில் நாடாவைப் பிடிக்க, இன்னொருவர் உச்சந்தலை வரை உடம்பின் பக்கவாட்டில் நேராக இழுக்க வேண்டும். வயிற்றின் மேலே நாடாவை ஓட்டினால் வளைவு சேர்ந்து சில செ.மீ. கூடிவிடும். காலோ முதுகோ மடங்கி இறுகியவர்களுக்கு முன்கை எலும்பின் நீளத்திலிருந்து உயரம் கணிக்கும் அட்டவணை இருக்கிறது. அளந்ததும் 6, 7, 8 மில்லிக்கான தொகையைக் கணக்கிட்டுக் கருவியிலேயே ஒட்டிவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாரும் 0.91ஆல் பெருக்க மாட்டார்கள்.

அடுத்து பிளாட்டோ அழுத்தம். மூச்சு உள்ளே போய் முடிந்ததும் அரை வினாடி நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், காற்றோட்டம் நின்று, நுரையீரல் உணரும் அழுத்தம் திரையில் சமதளமாக நிற்கும். நோயாளி அப்போது சொந்தமாக மூச்சு இழுத்தால் அந்த எண் செல்லாது. 30 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டினால் மூச்சின் அளவைக் கிலோவுக்கு ஒரு மில்லி வீதம், நான்கு வரை குறைக்கலாம். உச்ச அழுத்தம், அதாவது காற்று உள்ளே பாயும்போது திரை காட்டும் அதிகபட்ச எண், 40, பிளாட்டோ 24 என்றால் சிக்கல் குழாயில் அல்லது மூச்சுக்குழலில்: சளி அடைத்திருக்கும், நோயாளி குழாயைக் கடித்திருப்பார், அல்லது மூச்சுக்குழல் சுருங்கிய இழுப்பு. உச்சம் 40, பிளாட்டோ 36 என்றால் நுரையீரலே விறைத்துவிட்டது, அல்லது மார்புக்கூட்டில் காற்று கசிந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய அரை வினாடி போதும். பத்தில் ஆறு பேருக்கு அந்த எண் பதிவாகாமல் போனது உண்மையில் வேதனை தரும் செய்தி.

மூச்சைச் சிறிதாக்க மருத்துவர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம், கார்பன் டை ஆக்சைடு ஏறுமே என்ற பயம். 2004இல் ஆய்வாளர்கள் அனுபவமுள்ள செவிலியர்களிடமும் சுவாச சிகிச்சையாளர்களிடமும் தடைகளைப் பற்றிக் கேட்டபோது, இந்தப் பயமும் நோயாளி அவதிப்படுவாரே என்ற கவலையும் வெளிவந்தன. பயத்தில் நியாயம் இருக்கிறது. 480 மில்லியில் நிமிடத்துக்கு 14 மூச்சு என்றால் மொத்தம் 6.7 லிட்டர். 287க்கு இறக்கினால் 23 மூச்சில் அதே மொத்தம் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் குழாயிலும் மூச்சுப்பாதையிலும் தங்கிவிடும் வீண்காற்று 150 மில்லி என்று வைத்துக்கொண்டால், காற்றறைக்குப் போவது 330க்குப் பதில் 137 மில்லி. ஈடுகட்ட 34 மூச்சு வேண்டும். குழாய்முனையில் மாட்டிய ஈரப்பத வடிகட்டியே 50 மில்லி விழுங்கினால், அதைக் கழற்றிச் சூடான நீர்க்கலன் ஈரப்பதமூட்டி வைத்த மாத்திரத்தில் 25 மூச்சே போதும். வேகத்தைக் கூட்டும்போது, திரையில் வெளிமூச்சின் கோடு பூஜ்யத்தைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்கினால் காற்று உள்ளே தேங்கி ரத்த அழுத்தம் சரியும். 2000இல் வெளியான அந்த ஆய்வின் நெறிமுறை நிமிடத்துக்கு 35 மூச்சு வரை அனுமதித்தது. ரத்தத்தின் பிஎச் எண்ணை (அமிலத்தன்மையின் அளவு) 7.30 முதல் 7.45க்குள் வைக்கப் பார்த்தது.

இன்னொரு கண்ணி: சில நேரம் நோயாளி காற்றுப்பசி அடங்காமல், ஒரு மூச்சை வெளிவிடும் முன்பே இன்னொன்றை இழுப்பார். திரையில் 287 என்றே இருக்கும். உள்ளே இரண்டு மூச்சு அடுக்கி 574 மில்லி ஏறியிருக்கும், அதாவது கிலோவுக்கு 12. ஆறு வைத்தோம் என்ற நிம்மதி இங்கே பொய். மயக்க மருந்தைச் சரிசெய்யலாம், உள்மூச்சு நேரத்தைச் சற்று நீட்டலாம். பிளாட்டோ 30க்குள் இருந்தால் 7 அல்லது 8 மில்லிக்கு ஏற்றவும் அந்த நெறிமுறை இடம் தந்தது.

இவை எதுவும் விரிவுரையில் கையில் ஏறாது. போலி நுரையீரல் மாட்டிய பயிற்சிப் பொம்மையில் அலாரம் அடிக்கும்போது தானே பொத்தானை அழுத்தி, எண்ணைப் படித்து, முடிவெடுத்துப் பழகினால் ஏறும். சிகாகோவில் இப்படிப் பயிற்சி பெற்ற முதலாண்டு மருத்துவர்கள், வழக்கமான முறையில் கற்ற மூன்றாமாண்டு மருத்துவர்களைவிட உண்மையான நோயாளியின் படுக்கையருகே வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே நகரில், கழுத்து அல்லது காறையெலும்பின் கீழுள்ள ரத்தக்குழாயில் வடிகுழாய் ஏற்றுவதைத் தேர்ச்சிக் கல்வி முறையில் கற்பித்தபோது தொற்று 1,000 வடிகுழாய் நாளுக்கு 3.20இலிருந்து 0.50ஆக இறங்கியது. தேர்ச்சிக் கல்வி என்றால், எல்லோரும் ஒரே உயர்ந்த மதிப்பெண்ணை எட்டியாக வேண்டும். அதற்கு ஆகும் நேரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறலாம்.

ஏஆர்டிஎஸ் இல்லாதவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டுமா என்று நெதர்லாந்தில் 961 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள்; குறைந்த அளவுக்கும் இடைப்பட்ட அளவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் முதல் நாள் ஏஆர்டிஎஸ் இல்லாதவருக்கு மூன்றாம் நாள் அது வரலாம், அப்போது அதை யாரும் கவனிக்காமல் போகவும் வாய்ப்பு அதிகம். அதனால் குழாய் போட்ட முதல் மணி நேரத்திலேயே, நோயின் பெயர் என்னவாக இருந்தாலும், உயரத்தை அளந்து கருவியில் ஒட்டிவிடும் பிரிவுகளின் வழக்கமே சரி என்பேன்.