பச்சை முனையில் விபூதி

டர்பனுக்கு வடக்கே டொங்காட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "பெயின்ட் அடிக்கிறதுக்காக ஃபைபர் ஒயரைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்தேன். திரும்பச் செருகினதிலிருந்து நெட் தவழ்கிறது. கண் பட்டுவிட்டதென்று எலுமிச்சம்பழமும் கட்டினோம். அப்புறம் டெக்னீஷியன் வந்து, பேனா மாதிரி ஒன்றை முனையில் வைத்து 'டிக்' என்று அழுத்தினார், சரியாகிவிட்டது. எப்படி?"

கண் படவில்லை அக்கா, விபூதி பட்டிருக்கிறது. இல்லையென்றால் கரும்புத் தோட்டம் எரிக்கும்போது கொடித்துணியில் வந்து விழுமே, அந்தக் கரி.

கண்ணாடி இழைக்குள் ஒளி முழு அக எதிரொளிப்பில் ஓடுவது பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்தது இரண்டு இழைகள் சந்திக்கும் இடம். அங்கே பசை கிடையாது. ஒயர் முனையிலுள்ள வெள்ளைப் பீங்கான் குச்சியின் நடுவே 125 மைக்ரான் கண்ணாடி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதிலும் ஒளி போவது நடுவிலுள்ள 9 மைக்ரானில், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. முனையை லேசாகக் குவிந்திருக்கும்படி மெருகேற்றியிருப்பார்கள். செருகியதும் ஸ்பிரிங் இரண்டு முனைகளையும் முட்ட வைக்கும். கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டி, இடையிலிருந்த காற்று போய்விடும். அங்கே ஒரு இணைப்பு இருப்பதே ஒளிக்குத் தெரியாது!

நடுவில் ஒரு துகள் வந்தால் காற்று இடைவெளி திரும்பிவிடும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவீத ஒளி எதிரொளிக்கும். அதே ஸ்பிரிங் துகளைக் கண்ணாடியில் வைத்து நசுக்கிக் குழியும் பறிக்கும். துடைக்காமல் செருகியதுதான் தப்பு. உங்கள் முனை பச்சை நிறம் என்றால் அது 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. திரும்பும் ஒளி இழைக்குள் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும்.

அந்தப் பேனாவுக்குள் நூல்நாடா இருக்கிறது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் புது நாடா வந்து துடைக்கும். போகாத அழுக்குக்கு, பிசிறு விடாத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உடனே உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. சட்டை நுனி, வாயால் ஊதுவது இரண்டும் வேண்டாம்.

முனைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. வருவது பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, கண் இமைக்கவும் இமைக்காது. மின்வெட்டில் உங்கள் பெட்டி அணைந்திருந்தாலும் எதிர்முனையில், அதாவது நெட் கம்பெனியின் பக்கம், பேட்டரி இருந்தால் ஒளி வந்துகொண்டே இருக்கும். இடையில் உள்ள இழைக்குக் கரன்ட் தேவையில்லை. அதனால்தான் விவரமானவர்கள் முதலில் ஒளி வருகிறதா என்று அதை அளக்கும் பவர் மீட்டரில் பார்த்துவிட்டு, திரையில் காட்டும் மைக்ராஸ்கோப்பில் முனையைச் சோதிப்பார்கள்.

கழற்றினால் உடனே மூடி போடுங்கள். மூடிக்குள்ளும் தூசி சேரும் என்பதால், மூடி வைத்த முனையையும் துடைத்த பிறகே அவர்கள் செருகுவார்கள்.