பயணத்தில் சைனஸ் கழுவுதல்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

உப்புநீரால் தினமும் மூக்கைக் கழுவிப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் அதிகம் தேவைப்படுவது பயணத்தில்தான். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஏசி அறையும் சாலைத் தூசியும் மிச்ச வேலையைச் செய்யும். ஆனால் இதே பழக்கம் ஆபத்தாக மாறுவதற்கும் பயணத்தில்தான் வாய்ப்பு அதிகம். அவசரத்தில் கைக்கு எட்டிய குழாயைத் திறந்து மூக்கு கழுவும் பாட்டிலை நிரப்பிவிடுகிறோம்.

மூக்கின் உட்சுவரிலும் சைனஸ் அறைகளிலும் உள்ள நுண்மயிர்கள் நொடிக்கு 10 முதல் 20 முறை அசைந்து, தம் மேலிருக்கும் சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வேகம். தூசி, மகரந்தம், கிருமி எல்லாம் இந்தச் சளியோடு வெளியேறுகின்றன. காற்று வறண்டால் சளி கெட்டியாகி ஓட்டம் தேங்கும். ஒரு பாட்டில், அதாவது 240 மில்லி உப்புநீர் அந்தக் கெட்டிச் சளியை இளக்கி அடித்துச் செல்கிறது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயின் சில துளிகளால் இந்த அளவுக்குக் கழுவ முடியாது.

குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் மூக்குக்கு மட்டும் ஏன் ஆகாது? வயிற்றில் அமிலம் காவலுக்கு இருக்கிறது. மூக்கில் அது இல்லை. மூக்கின் கூரையில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு உண்டு. வாசனை நரம்புகள் அதன் துளைகள் வழியே மூளைக்குப் போகின்றன. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கில் ஏறினால் அதே பாதையில் மூளையை அடையக்கூடும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படித்தான் இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் வெகு சிலரே. வெந்நீர்க் குழாயும் பாதுகாப்பல்ல. 46 டிகிரி வரையிலான சூடு இந்த அமீபாவுக்குப் பிடித்தமானது.

ஆகவே மூக்குக்கு உகந்த தண்ணீர் என்பது 'டிஸ்டில்டு' (காய்ச்சி வடித்தது) அல்லது 'ஸ்டெரைல்' (கிருமி நீக்கியது) என்று லேபிளில் அச்சிட்டதும், நீங்களே கொதிக்கவைத்து ஆறவைத்ததும்தான். கடையில் வாங்கும் சாதாரண பாட்டில் தண்ணீர் குடிப்பதற்கானது. கிருமி நீக்கியது அல்ல. அதையும் கொதிக்கவைத்தே பயன்படுத்த வேண்டும். ஜாடியில் பொருத்தும் சாதாரண ஃபில்டரையும், குடிநீரில் போடும் குளோரின் மாத்திரையையும் இதற்கு நம்ப வேண்டாம்.

கொதிக்கவைப்பதற்கும் கணக்கு உண்டு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டருக்கு மேல் இருந்தால் 3 நிமிடம். அந்த உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடுவதால் கூடுதல் நேரம் தேவை. விடுதி அறையின் மின்கெட்டில் கொதி வந்த சில நொடிகளில் தானாக அணைந்துவிடும். அரை நிமிடம் விட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள். கொதித்த நேரமெல்லாம் சேர்ந்து 1 நிமிடம் ஆகும்வரை இப்படித் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடுங்கள். காபி மெஷினிலிருந்து வரும் சுடுநீர் பொதுவாகக் கொதிநிலையைத் தொடுவதே இல்லை, அது வேண்டாம்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். கொதித்த நீர் ஆற நேரமாகிறது என்று கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். பட்ட பாடெல்லாம் அதோடு வீண். இரவில் கொதிக்கவைத்து, சுத்தமான மூடிய பாத்திரத்தில் ஆறவிடுங்கள். காலையில் அந்த நீரில் 210 மில்லி எடுத்து, புதிதாகக் கொதித்த நீர் 30 மில்லி சேர்த்தால், அறை 28 டிகிரியில் இருக்கும்போது கலவை சுமார் 36 டிகிரிக்கு வரும். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. கொதித்து ஆறிய நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

உப்பு 1 லிட்டருக்கு 9 கிராம். 240 மில்லிக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். உப்பில்லாத தண்ணீர் மூக்கில் பட்டால் செல்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும், சுரீரென்று எரியும். பயணத்துக்கு அளவு நிறுத்த பொட்டலங்களே நல்லது. கரண்டி தேட வேண்டாம். கொஞ்சம் சமையல் சோடா கலந்த பொட்டலமானால் எரிச்சல் இன்னும் குறையும். பொட்டலம் தீர்ந்தால், அயோடின் சேர்க்காத தூள் உப்பில் தலைதட்டிய அரை டீஸ்பூன் எடுக்கலாம். உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், கெடுதல் இல்லை.

கழுவும் முறை ஊருக்கு ஊர் மாறாது. வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டு, ஒரு நாசியில் பாதிப் பாட்டிலை மெல்ல அழுத்துங்கள். மறு நாசியில் மீதி. 'க்க்க்' என்று ஒலித்துக்கொண்டே இருந்தால் மெல்லண்ணம் (வாய்க்கூரையின் பின்பக்க மென்பகுதி) மேலேறி நீர் தொண்டைக்குள் இறங்காது. பிறகு இரு நாசியையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தக்கூடாது. அழுத்தம் காதுக்குள் ஏறும். விமானம் ஏறும் நாளில் ஒரு மணி நேரமாவது முன்பே கழுவிவிடுங்கள். சைனஸில் தங்கிய நீர் வடிய நேரம் வேண்டும்.

தண்ணீருக்கு அடுத்த அக்கறை பாட்டிலுக்கு. ஈரத்தோடு மூடிப் பையில் திணித்த பாட்டிலுக்குள் பாக்டீரியாக்கள் படலம் கட்டும். குறிப்பாக உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் காய்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, கொதித்து ஆறிய நீரால் அலசி, குழாயைக் கழற்றி உதறி, சுத்தமான காகிதத்தின் மேல் திறந்தபடி காயவையுங்கள். குளியலறைக்குள் வேண்டாம், அறை மேசையில். தினமும் இடம் மாறுபவர்கள் இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றதை எடுக்கலாம். மடக்கி வைக்கும் சிலிகான் பாட்டில் பையில் இடத்தை அடைக்காது. ஆனால் மடிப்புகளில் நீர் ஒளிந்துகொள்ளும். மோட்டாரில் இயங்கும் மூக்கு கழுவும் கருவி இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றிவிடுங்கள்.

விமானக் கைப்பையில் பல நாடுகளில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவக் கொள்கலனை அனுமதிப்பதில்லை. காலிப் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் கையில் இருக்கட்டும். தண்ணீரோ சேலைன் (தயாரித்த உப்புநீர்) பாட்டிலோ செக்-இன் பெட்டியில் போகட்டும்.

நல்ல தண்ணீர் கிடைக்காத நாளில் கழுவாமல் விடுங்கள். மூக்கு முழுவதும் அடைத்திருந்தாலோ, காது வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ அன்றும் வேண்டாம். ஐயமான தண்ணீரால் கழுவியபின் 12 நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், மூக்கு கழுவியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அமீபா தொற்றின் தொடக்க அறிகுறிகள் பாக்டீரியா மூளைக்காய்ச்சலை ஒத்திருக்கும். நீங்கள் சொன்னால்தான் அமீபாவுக்கும் சேர்த்துப் பரிசோதிக்க அவருக்குத் தோன்றும்.