தூரநோக்கு: சொல்லும் பொருளும்

மட்டக்களப்பில் ஒரு பாடசாலைக்குள்ளோ பிரதேச சபைக்குள்ளோ நுழைந்தால் சுவரில் இரண்டு தலைப்புகள் தென்படும்: தூரநோக்கு, பணிக்கூற்று. அவற்றின் கீழே 'உன்னத', 'நிலைபேறான', 'வினைத்திறன்மிக்க' என்று சில சொற்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் அது பள்ளிக்கூடமா, மீன்பிடிச் சங்கமா என்று பிடிபடாது. அதற்காகத் தூரநோக்கு என்ற சொல்லைக் குறைசொல்ல முடியாது.

தூரநோக்கு என்பது 'விஷன்' (vision) என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம். அந்த ஆங்கிலச் சொல், பார்த்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலப் பயன்பாட்டில் அது பக்தர் காணும் தெய்வக் காட்சி. நிர்வாகப் பாடத்தில் அது பரவலாகப் புழங்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அந்த லத்தீன் வினையும், அறிதலைக் குறிக்கும் வடமொழி 'வித்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. வித்தியாலயம் என்ற பெயரும் இந்த 'வித்' வழிதான். சுவரில் உள்ள 'விஷன்' பலகையும் படலையில் உள்ள வித்தியாலயம் என்ற பெயரும் தூரத்துச் சொந்தம்!

தமிழில் இதற்கு நெருங்கிய பழஞ்சொல் தீர்க்கதரிசனம். தீர்க்கம் நீளம், தரிசனம் காட்சி; சொல்லுக்குச் சொல் பார்த்தால் தொலைநோக்கேதான். ஆனால் தீர்க்கதரிசி என்றதும் வருவதை முன்கூட்டிச் சொல்பவரே நினைவுக்கு வருகிறார். ஒரு தலைவரிடம் நாம் சாத்திரம் கேட்பதில்லை. எங்கே போய்ச் சேரவேண்டும் என்று கேட்கிறோம்.

தூரம் வடசொல், நோக்கு தமிழ். தமிழ்நாட்டில் தொலைநோக்கு என்பார்கள். தனித்தமிழ் வேண்டுவோர் அப்படியே எழுதலாம். இங்கே வேரூன்றிய தூரநோக்கைப் பிடுங்கி எறியவும் தேவையில்லை. கனம் இருப்பது நோக்கு என்ற பாதியில். நோக்குதல் வெறுமனே பார்த்தல் ஆகாது, கருத்தூன்றிப் பார்த்தல். தொல்காப்பியச் செய்யுளியல் நோக்கைச் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாகவே வைக்கிறது: மாத்திரை என்ற மிகச் சிறிய ஒலியளவு முதல் அடி நிரம்பும்வரை கேட்டோரைத் திரும்பத் திரும்ப நோக்கவைக்கும் பண்பு அது. சிறு துண்டிலும் முழுமையிலும் ஒரே கண் வைத்திருப்பது. தலைமைக்கு இதைவிடப் பொருத்தமான வரைவிலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மழை குறைந்த பருவத்து நெற்செய்கையான சிறுபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் இதைக் கண்ணால் காணலாம். குளத்தில் கிடக்கும் தண்ணீரை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது பூட்டுவது என்றெல்லாம் வாதம் நடக்கும். இவை இலக்குகள். "கடைசிக் கண்டத்துக்காரனும் வெட்டி வீட்ட கொண்டு போகோணும்" என்று வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் ஒரு வட்டவிதானை எழுந்து சொன்னால், அதுதான் தூரநோக்கு. கண்டம் என்பது வயல்தொகுதி. அந்த ஒரு வசனம் ஏற்கப்பட்டால் ஏக்கரைக் குறைக்க மேல்கண்டத்தாரும் இணங்கக் கூடும். ஏற்கப்படாவிட்டால் திகதி குறித்தும் பயனில்லை. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் வரம்பை வெட்டித் தண்ணீர் எடுப்பார், வாலில் இருப்பவரின் வெள்ளாமை கதிர் தள்ளும் முன்பே காயும்.

காரைதீவில் பிறந்த துறவியும் தமிழறிஞருமான சுவாமி விபுலாநந்தரையும் இங்கே சொல்லவேண்டும். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழிலேயே படிக்கலாம் என்பது அவர் கண்ட தூரம். அதற்காக அவர் உட்கார்ந்து செய்த வேலையோ, ஒவ்வொரு துறைக்கும் கலைச்சொல் தேடுவது. மாத்திரையும் அடியும் ஒரே கண்ணில்.

எழுதும்போது கவனிக்க: நோக்கம் என்பது ஒரு செயலின் காரணம், அதைத் தூரநோக்குக்குப் பதிலாகப் போடக் கூடாது. பணிக்கூற்று அன்றாடம் செய்வதைச் சொல்லும். 'விஷன் உள்ள தலைவர்' என்பதற்குத் தூரநோக்குடைய தலைவர் என்றே எழுதலாம். 'தூரநோக்குப் பார்வை' வேண்டாம். நோக்கு என்பதிலேயே பார்வை அடங்கியிருக்கிறது.